பதினொன்றாவது மாடியில் நாற்றம்

மே 19, திங்கள்

காலை நடை முடிந்து திரும்பும்போது என்னோடு லிஃப்டில் ஏறியவை: ஒரு மீன் பை, இரண்டு தண்ணீர் கேன், ஒரு ஈரத் துடைப்பம். இவற்றைத் தூக்கிக்கொண்டு நாலு பேர். துடைப்பத்தின் சொட்டு என் செருப்பில் விழுந்தது. யாரோ ஒருத்தியின் எண்ணெய்த் தலை என் சட்டைத் தோளில் உரசியது. வீட்டுக்கு வந்ததும் சட்டையை ஊறப் போட்டுவிட்டுத்தான் காபியே குடித்தேன்.

பதினெட்டு மாடி, நூற்றெட்டு வீடு, மூன்று லிஃப்ட். அதில் ஒன்று சர்வீஸ் லிஃப்ட் என்று பெயருக்கு இருக்கிறது. யார் எதில் ஏறுவது என்று ஒரு ஒழுங்கு கிடையாது. நான் முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்தவன். எந்த வண்டி எந்தத் தடத்தில் போகும், எது ஒதுங்கி நிற்கும் என்று முடிவு செய்வதுதான் என் பிழைப்பு. ஏப்ரலில் என்னை இந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரும் போட்டியிடவில்லை என்பது வேறு விஷயம்.

என் மனைவி மனோன்மணிக்கு டிசம்பரில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. பகலில் பார்த்துக்கொள்ள எஸ்தர் என்று ஒரு பெண் காலை எட்டுக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறாள். பெரும்பாக்கத்தில் உள்ள குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து வருகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மனோவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எஸ்தர் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். இடம், மல்லாந்து, வலம். திருப்பியதும் கட்டத்தில் ஒரு டிக். இரவில் அலாரம் வைத்துக்கொண்டு நான் திருப்புகிறேன். மற்றபடி எஸ்தர் என்னென்ன செய்கிறாள் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் பால்கனிக்குப் போய்விடுவேன். எனக்குச் சிறு வயதிலிருந்தே குமட்டும்.

மகள் சிவகாமி போன மாதம் புனேயிலிருந்து வந்தபோது என் லேப்டாப்பில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். வானளாவிய கட்டடம் ஒன்றைக் கட்டி, ஆட்களைக் குடிவைத்து, நிர்வாகம் செய்ய வேண்டும். “அம்மா பக்கத்துல உக்காந்துகிட்டே ஆடலாம்ப்பா. உங்களுக்கும் பொழுது போகும்.” பெயர் வாயில் நுழையவில்லை. நான் கட்டட விளையாட்டு என்றே எழுதுகிறேன்.

மே 21, புதன்

விளையாட்டில் என் கட்டடம் இருபது மாடி ஆகிவிட்டது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகளும் ஓட்டலும். எறும்பளவு மனிதர்கள் லிஃப்டுக்கு நிற்கிறார்கள். காத்திருக்கக் காத்திருக்கக் கறுப்பு உருவம் இளஞ்சிவப்பாகிறது, பிறகு ரத்தச் சிவப்பு, பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு போயே விடுகிறார்கள். எனக்கு முதல் நட்சத்திரம் கிடைக்கவேயில்லை. துப்புரவு ஆட்களும் குடியிருப்போரும் ஒரே லிஃப்டில் ஏறுகிறார்கள் என்பது காரணம். இன்று அவர்களுக்கென்று தனி லிஃப்ட் போட்டேன். அரை மணியில் வரிசை கரைந்தது. நட்சத்திரம் விழுந்தது.

முப்பத்தாறு வருட அனுபவம் சொன்னதைத்தான் இதுவும் சொல்கிறது. எக்ஸ்பிரஸ் போகும் தடத்தில் கூட்ஸ் வண்டியை விடக்கூடாது.

மே 25, ஞாயிறு

சங்கக் கூட்டம். தீர்மானம் நிறைவேறியது. வீட்டு வேலைக்கு வருபவர்கள், டெலிவரி ஆட்கள், துப்புரவுப் பணியாளர்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே உபயோகிக்க வேண்டும். மீறினால் பதினைந்து நாள் நுழைவு அனுமதி ரத்து. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி, போனில் உள்ள நுழைவு ஆப்பில் பெயரை முடக்கிவிடுவார்.

எதிர்த்தது ஒரே ஒரு ஆள், எங்கள் மாடியிலேயே எதிர் வரிசையில் இருக்கும் பர்வீன். பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். “அங்கிள், அவங்க நம்ம வீட்டுச் சோத்தப் பொங்கலாம், நம்ம குழந்தையத் தூக்கலாம், லிஃப்ட்ல மட்டும் கூட நிக்கக் கூடாதா?” என்று கேட்டாள். நாலு பேர் கைதட்டினார்கள். தட்டிவிட்டு எனக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

மே 27, செவ்வாய்

எஸ்தர் எட்டே முக்காலுக்கு வந்தாள். கேட்டேன்.

“கீழ லைன் கட்டி நிக்கிறோம் சார். தண்ணி கேன் போவுது, குப்ப டிரம் போவுது, ஒம்போதாவது மாடியில வூட்டு வேல நடக்குது, சிமென்ட் மூட்ட போவுது. அதுக்கப்புறந்தான் ஆளு. பக்கத்துல ரெண்டு லிஃப்ட் காலியா ஏறி எறங்குது.”

“சீக்கிரம் கிளம்பி வா.”

“அஞ்சரைக்கே கெளம்புறேன் சார். அம்மாவ எட்டு மணிக்குத் திருப்பணும். நான் லேட்டா வந்தா அவங்க கண்ணு வாசலயே பாத்துக்கினு இருக்கும்.”

பேச்சுக்குப் பேச்சு பதில். அவள் மேலிருந்து சிமென்டும் வேர்வையும் கலந்து வாடை வந்தது. கையைக் கழுவிவிட்டு மனோவைத் தொடச் சொன்னேன். “தெனமும் கழுவிட்டுத்தான் சார் தொடுறேன்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மே 30, வெள்ளி

சர்வீஸ் லிஃப்ட் நின்றுவிட்டது. சிமென்ட் மூட்டையை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள். உதிரி பாகம் வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை அவர்கள் படியில் போகட்டும் என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

தர்மசங்கடமான நாள். காலை 7:58க்கு எஸ்தர் குடியிருப்போர் லிஃப்டில் ஏறியிருக்கிறாள். கேமராவில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. செக்யூரிட்டி மணவாளன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். “உங்க வூட்டு ஆளுதான் சார். விட்டுரலாமா?”

விட்டால் நாளைக்கு நூற்றேழு வீடும் என் முகத்தில் காறித் துப்பும். எஸ்தரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நாலு நாளா பதினோரு மாடி ஏறுறேன் சார். முட்டி வீங்கிப்போச்சு. எங்க பில்டிங்குலயும் லிஃப்ட் ஓடாது, அங்க ஏழு மாடி. இன்னிக்கு முடியல.”

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் எஸ்தரு. பதினஞ்சு நாள் கழிச்சு வா.”

“அம்மாவ யாரு பாப்பா?”

“நான் இல்லையா?”

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போய் மனோவின் காதில் ஏதோ சொன்னாள், போர்வையை இழுத்துவிட்டாள். வாசலில் திரும்பி, “முதுகுல, இடுப்புக்குக் கீழ, லேசா செவந்திருக்கு சார். அந்தப் பக்கம் அழுத்தம் வைக்காதீங்க. தெனம் ரெண்டு வாட்டி தொடச்சு ஈரமில்லாம வச்சுக்கங்க” என்றாள். சரி என்றேன். மனோ அன்று முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

சிவகாமியிடம் எஸ்தர் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். வீணாக அவள் பதறக்கூடாது.

ஜூன் 3, செவ்வாய்

நானே பார்க்கிறேன். ஒன்றும் பெரிய வித்தையில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, துண்டில் கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டால் சமாளித்துவிடலாம். டயப்பரைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று மாற்றுகிறேன். பெரிய அளவில் வாங்கினால் நிறையத் தாங்கும் என்று கடைக்காரன் சொன்னான்.

அவளைப் புரட்டுவதுதான் கஷ்டம். பிணக் கனம் கனக்கிறாள். புரட்டும்போது தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. கேட்கச் சகிக்கவில்லை.

ஜூன் 4, புதன்

அட்டவணையில் இரண்டு கட்டம் விட்டுப்போனது. மறதியைத் தவிர்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் பல் தேய்த்ததும் அன்றைக்கான டிக்குகளை மொத்தமாகப் போட்டுவிடுவது. பிறகு நிம்மதியாக அந்தந்த நேரத்தில் வேலையைப் பார்க்கலாம்.

விளையாட்டில் நாற்பது மாடி. மூன்றாம் நட்சத்திரம்.

ஜூன் 6, வெள்ளி

ஓட்டல் அறைகளில் கரப்பான். விளையாட்டில்தான். துப்புரவு ஆள் போய்ச் சேராத அறையில் முதலில் ஒன்று, மறுநாள் மாடி முழுவதும். படத்தில் பார்க்கவே உடம்பு கூசியது. எட்டு அறைகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். மனோ கஞ்சியைத் துப்பிவிட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

வராந்தாவில் நாற்றம்.

காலை நடை முடிந்து லிஃப்ட் கதவு திறந்ததும் முகத்தில் அறைந்தது. அழுகல் வாடை, இனிப்பும் கலந்த மாதிரி. நேற்று பக்ரீத். பர்வீன் வீட்டில் காலையிலிருந்து ஆட்கள் வந்துபோனார்கள், பையும் பாத்திரமுமாக. எனக்கு விளங்கிவிட்டது.

வீட்டுக்குள் வந்து பத்து நிமிடத்தில் நாற்றம் தெரியவில்லை. வெளியே போய்த் திரும்பினால் மறுபடி அடிக்கிறது. ஆகவே அது வராந்தாவில்தான் இருக்கிறது என்பது நிச்சயம்.

ஜூன் 9, திங்கள்

பர்வீன் வீட்டுக் கதவைத் தட்டினேன். சமையலறைக் கழிவை உடனே அகற்றும்படி தன்மையாகத்தான் சொன்னேன்.

“அங்கிள், கறியெல்லாம் அன்னைக்கு மத்தியானமே பங்கு போட்டுக் குடுத்தாச்சு. குப்பையும் அன்னைக்கே போயிடுச்சு. எனக்கும் நாத்தம் வருது. நானே உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்.”

தான் திருடி பிறரை நம்பாள் என்பார்கள். இவள் இன்னும் ஒரு படி மேலே போய் என்னையே கேட்கப் போகிறாளாம். “ஆன்ட்டி எப்படி இருக்காங்க? எஸ்தர் அக்காவக் காணோமே?” என்று வேறு கேட்டாள். பேச்சை மாற்றுகிறாள். வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

குப்பை கொட்டும் அறையைப் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னேன். துப்புரவுப் பெண்கள் இரண்டு பேர் படியேறி வந்து கழுவினார்கள். நாற்றம் போகவில்லை. கழுவியது போதாது என்று மறுபடி கழுவவைத்தேன். ஒருத்தி என் வீட்டு வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள். இவர்களுக்கு என் வாசலில் என்ன வேலை?

மனோ இன்று மிகவும் தொல்லை. இடக் கையால் தன் பின்பக்கத்தைத் தட்டுகிறாள், பிறகு என்னைக் கைநீட்டிக் காட்டுகிறாள். ம்ம் ம்ம் என்று ஒரே சத்தம். லேப்டாப்பைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று புரிந்தது. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு, அவளுக்குத் தெரிகிற மாதிரி லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். அறுபது மாடி, ஆயிரத்துச் சொச்சம் ஆட்கள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. நாற்பத்தொரு வருடத்தில் நான் செய்த ஒரு காரியத்தை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

உடம்பு கொஞ்சம் சுடுகிறது. மாத்திரை கொடுத்தேன்.

ஜூன் 11, புதன்

எலி! பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாய்ப் பொந்தைத் திறக்கவைத்ததில், பத்தாவது மாடிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு எலி செத்துக் கிடந்தது. எடுத்தாயிற்று. சங்க வாட்ஸாப்பில் படத்தோடு போட்டேன். பதினேழு பேர் கைகூப்பினார்கள். பர்வீன் எதுவும் போடவில்லை.

மாலை: நாற்றம் இருக்கிறது. அது நாள்பட்டுக் காய்ந்த எலி என்று பிளம்பர் போகும்போது சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்?

ஜூன் 12, வியாழன்

சிவகாமி வீடியோவில் வந்தாள். மனோவின் தலையை வாரி, நெற்றியில் திருநீறு வைத்து, முகத்தை மட்டும் காட்டினேன்.

“அம்மா ஏம்ப்பா இப்படி இளைச்சுட்டா? எஸ்தரைக் கூப்பிடுங்க.”

“கடைக்குப் போயிருக்கா.”

“போன தடவையும் ஊருக்குப் போயிருக்கான்னீங்க.”

“வந்துட்டா. இப்போ கடைக்குப் போயிருக்கா.”

“அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கிறீங்கதானே?”

சுவரிலிருந்து அட்டவணையைக் கழற்றிக் கேமரா முன்னால் பிடித்தேன். ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. “சூப்பர்ப்பா” என்றாள். நான் பெருமைப்பட்டேன். ஏன் என்று இப்போது எழுதும்போது தெரியவில்லை.

சாம்பிராணி போட்டேன். ஊதுபத்தி இரண்டு. டயப்பரை மாற்றும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். பழகிவிட்டது, கைக்கே வழி தெரிகிறது. இன்று விரலில் ஏதோ பிசுபிசுத்தது. நாலு முறை சோப்பு போட்டுக் கழுவினேன். என்னவென்று பார்க்கவில்லை.

ஜூன் 14, சனி

காலை 11:20. ஐந்தாம் நட்சத்திரம். நூறு மாடி. கட்டடத்துக்குள் ஒரு மருத்துவமனை கட்டினால்தான் ஐந்தாவது தருவேன் என்று விளையாட்டு பிடிவாதம் பிடித்தது. ஒரு நோயாளிகூட வராத கட்டடத்துக்கு ஆஸ்பத்திரி எதற்கு? சனியன் போகட்டும் என்று ஒன்றைக் கட்டிவைத்தேன். ஆய்வாளர் வந்து ஒரு நாள் தங்கிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பட்டாசு வெடித்தது. மனோ கண்ணைத் திறக்கவில்லை.

மேலே உள்ளதை எழுதியது மதியம். இனி நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு நாற்றம் தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்று பன்னிரண்டாம் மாடியிலிருந்துகூடப் புகார். நோட்டீஸ் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு பர்வீன் வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜைத் திறந்து காட்ட வேண்டும் என்றேன். அவள் கோபப்படவில்லை. “வாங்க, பாருங்க” என்று உள்ளே விட்டாள். ஃபிரிட்ஜில் தயிரும் கீரையும் அரை முட்டைக்கோசும் இருந்தன. வீடு முழுக்க எலுமிச்சை வாசனை.

அவள் நோட்டீஸைப் படித்தாள். மடித்து என் கையிலேயே கொடுத்தாள். பிறகு வராந்தாவில் இறங்கி நடந்தாள். மூச்சை இழுத்து இழுத்து, ஒவ்வொரு வாசலாக. என் வாசலில் நின்றாள்.

“அங்கிள், இது உங்க வீட்லேருந்து வருது.”

“என்ன பேசறே நீ?”

“ஆன்ட்டியப் பாக்கணும்.”

“தூங்குறா.”

“நான் பாக்கணும் அங்கிள்.” என்னைத் தள்ளவில்லை. ஆனால் நான் வழிவிட்டேன்.

அவள் போர்வையை விலக்கினாள். மனோவைத் தன் பக்கமாகப் புரட்டினாள். நான் வழக்கம்போல் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். “யா அல்லாஹ்” என்ற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

எழுதியே ஆக வேண்டும். இடுப்புக்குக் கீழே, எலும்பின் மேல், என் உள்ளங்கை அகலத்துக்கு, சதை இல்லை. கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பள்ளம். துணி அதில் ஒட்டியிருந்தது. அதற்குள்ளிருந்துதான் அந்த வாடை வந்தது. ஒரு வாரமாக நான் குப்பை அறையிலும் குழாய்ப் பொந்திலும் அடுத்தவர் ஃபிரிட்ஜிலும் தேடியது என் கட்டிலில், என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பர்வீன் மூக்கை மூடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மனோவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, ஒண்ணும் இல்ல” என்று கன்னத்தைத் தடவினாள். நான் கழுவும் தொட்டிக்கு ஓடினேன். வாந்தி எடுத்தேன். என் பெண்டாட்டியைப் பார்த்து நான் வாந்தி எடுத்தது அவள் காதில் விழுந்திருக்கும்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் நுழைகிற அகலம் சர்வீஸ் லிஃப்டுக்கு மட்டும்தான். அது ஓடவில்லை. மணவாளனும் துப்புரவு ஆட்கள் மூன்று பேரும் மேலே வந்து, பதினோரு மாடி, இருபத்திரண்டு திருப்பம், தோளில் சுமந்து இறக்கினார்கள். ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. நான் பின்னால் மூக்கில் துண்டோடு இறங்கினேன். நாலாவது மாடி வரும்போதுதான் துண்டைப் பிடித்திருப்பது தெரிந்தது. கையை எடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று இரவே அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதாம். இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

சிவகாமி வந்துவிட்டாள். என்னோடு பேசவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஜுரம் இறங்கியிருக்கிறது. பிழைப்பாள் என்கிறார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், எங்கள் மகள் வயதுகூட இருக்காது. “எத்தனை நாளா திருப்பிப் போடல?” என்று கேட்டார். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பினேன், ஆதாரம் இருக்கிறது என்று சொல்லி, அட்டவணையை எடுத்துக் கொடுத்தேன். எடுத்து வந்திருந்தேன். பையில் மடித்து வைத்திருந்தேன். என்ன ஜென்மம் நான்.

அவர் விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் விரல் நின்றது.

“சார், சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி, இடப்பக்கம். பத்து மணி, மல்லாந்து. டிக் போட்டிருக்கீங்க.”

“ஆமாம்.”

“பத்து மணிக்கு அவங்க எங்க ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தாங்க சார்.”

சிவகாமி பக்கத்தில் நின்றிருந்தாள். அட்டவணையை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. அதை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

விழுப்புரம் செக்‌ஷனில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார். கந்தவேல் என்று பெயர். வண்டி வருவதற்கு முன்பே வந்துவிட்டதாக ரிஜிஸ்டரில் எழுதிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டி பத்திரமாகத்தான் வந்தது. இருந்தாலும் அவரை விடாமல் துரத்திச் சஸ்பென்ட் செய்யவைத்தவன் நான். பொய் ரிஜிஸ்டர் எழுதுகிறவன் கொலைகாரனுக்குச் சமம் என்று விசாரணையில் சொன்னேன். நல்ல வாக்கியம் என்று அப்போது எனக்கே தோன்றியது.

என் மேல் எனக்கே குமட்டுகிறது. இதற்கு மூக்கில் கட்டத் துண்டு கிடையாது.

ஜூன் 18, புதன்

செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். லிஃப்ட் தீர்மானத்தை ரத்து செய்யும்படி கடைசிச் சுற்றறிக்கை போட்டேன். “ஏன் சார், நல்லாத்தானே போயிட்டிருக்கு?” என்று பதினாறாம் மாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? அந்த வாலை வளைத்துவிட்டவனே நான்தானே என்று எழுதப் பார்த்தேன். எழுதவில்லை.

ஜூன் 19, வியாழன்

எஸ்தர் வேண்டும் என்று சிவகாமி சொன்னாள். சொன்னது பர்வீனிடம். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, போனில் கூப்பிடாமல் நேரில் போனேன்.

பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி. லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். படியேறினேன். மூன்றாம் மாடியில் உட்கார்ந்தேன், ஐந்தாம் மாடியில் உட்கார்ந்தேன். தண்ணீர்க் குடத்தோடு ஏறியவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வேர்வையில் என் சட்டை நாறியது.

எஸ்தர் முட்டியில் துணி சுற்றிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

“புண்ணு எம்மாம் பெருசு சார்?”

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவள் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டாள்.

“தொடைக்க முடியலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார். கேட்டாண்ட வந்து நின்னுருப்பேனே. படியிலயே வந்திருப்பேனே. முட்டி போனாப் போவுது.”

ஏதாவது திட்டுவாள் என்று நின்றேன். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

காலை பத்து மணிக்கு எஸ்தர் வார்டுக்கு வந்தாள். சிவகாமி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மனோ விழித்திருந்தாள். எஸ்தரைப் பார்த்ததும் இடக் கையை நீட்டினாள். எஸ்தர் குனிந்து அந்தக் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

நர்ஸ் வந்து கட்டு மாற்ற வேண்டும், ஒருவர் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்றாள். நான் பிடிக்கிறேன் என்றேன். இந்தத் தடவை கண்ணை மூடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் தோளைத் தொட்டேன். மனோவின் உடம்பு இறுகியது. தலையை எஸ்தர் பக்கம் திருப்பினாள். உதடு கோணியது, தொண்டையில் அந்தச் சத்தம் எழுந்தது, பிறகு அது வார்த்தையாக வந்தது. நர்ஸ், “பேசுறாங்களே! நல்ல முன்னேற்றம் சார்!” என்று சிரித்தாள். நான் கையை எடுத்துவிட்டேன். எஸ்தர் பிடித்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிவகாமி மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஆறு நாளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“அம்மா பேசினாளாமே! நர்ஸ் சொன்னாங்க. என்னப்பா சொன்னா?”

“எஸ்தர்னு கூப்பிட்டா.”

அவள் உள்ளே ஓடினாள். “அக்கா, உங்க பேரையா சொன்னா?” என்று கேட்டது வெளியே கேட்டது. கதவு வழியாக எஸ்தர் என்னைப் பார்த்தாள். “ஆமாங்க. என் பேரத்தான் சொன்னாங்க” என்றாள்.

இந்த நோட்டிலாவது நடந்தது நடந்தபடி இருக்கட்டும். மனோன்மணி ஆறு மாதம் கழித்துப் பேசியது மூன்றே வார்த்தை.

“இந்த ஆளு வேணாம்.”